வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு

முட்டைக்கு எண்ணெய் தடவும் வேலை எனக்கு. மொத்தம் 120. குளிர்பெட்டிக்குள் ஒருமுறைகூடப் போகாத முட்டையாகப் பார்த்து வாங்கி, துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தட்டில் அடுக்கினால் மூன்று நான்கு வாரம் தாங்கும் என்கிறார்கள். அட்டைத் தட்டு படகுக்குள் வரக் கூடாது. அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை வைத்திருக்கும் என்பது படகுக்காரர்களின் பழைய பயம், அதனால் வாங்கிய சாமானின் பெட்டிகளை எல்லாம் கரையிலேயே பிரித்துப் போட்டுவிட்டு வந்தோம். ஐம்பதாவது முட்டையில் சலித்துப்போய் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். விரல் வழுக்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது கரீபியன் தீவான ஆன்டிகுவாவில், ஃபால்மவுத் துறைமுகத்தில். 38 அடி பாய்மரப் படகு, வயது இருபத்தைந்துக்கு மேல். இன்று புதன். நாளை மறுநாள் கிளம்பினால் அடுத்து கால் பதிக்கும் தரை அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் உள்ள ஹோர்ட்டா. நடுவில் சுமார் 2,200 கடல் மைல், தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. அங்கிருந்து போர்ச்சுகலின் தென்கரைக்கு இன்னும் சுமார் 1,000. படகுக்கு அங்கேதான் வீடு, இப்போதைக்கு எங்களுக்கும்.

படகு என் கல்லூரி நண்பன் பெயரில் இருக்கிறது. கேப்டன் அவன் மனைவி. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவனுக்கும்தான். அவள் நாகப்பட்டினத்துப் பெண், இருபத்தெட்டு வயது வரை கடலில் கால் நனைத்ததோடு சரி, போர்ச்சுகல் போன பிறகுதான் பாய் கட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது மேகத்தைப் பார்த்தே "அண்ணா, இன்னும் பத்து நிமிஷத்துல காத்து ஏறும், பாயைச் சுருக்குங்க" என்பாள், ஏறும். நான்காவது ஆள் அவர்களுடைய போர்ச்சுகீசிய நண்பர், ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே படகில் வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். நான் எதற்கு என்றால், சமையலுக்கும் விடியற்காலைக் காவலுக்கும்.

போன நவம்பரில் கேனரி தீவுகளிலிருந்து அவர்கள் இந்தப் பக்கம் வந்தபோது வேலை சுலபம். கிழக்கும் வடகிழக்குமாக மாதக்கணக்கில் ஓயாமல் அடிக்கும் காற்று, நம் கடல்காரர்கள் கொண்டல் என்பார்களே அந்தத் திசைக் காற்று, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்து கரீபியனில் சேர்த்துவிடும். ஆனால் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். வந்த வழியே போக முடியாது. வடக்கே ஏறி 30, 35 பாகை அட்சரேகை வரை போய், அங்கே மேற்கிலிருந்து வரும் கச்சானைப் பிடித்துக் கிழக்கே திரும்ப வேண்டும். 1493இல் கொலம்பஸ் ஊர் திரும்பியதும் இப்படி வடக்கே சுற்றித்தான், வழியில் அசோர்ஸின் சாந்தா மரியா தீவில் நின்றுவிட்டுப் போனார். காற்று மாறவில்லை, வழியும் மாறவில்லை. சீக்கிரம் கிளம்பினால் வடக்கே குளிர்காலப் புயல்கள் இன்னும் அடங்கியிருக்காது, தாமதித்தால் ஜூன் 1இல் சூறாவளிப் பருவம் தொடங்கிவிடும். ஆக, மே மாதம்தான் கதவு.

அந்தக் கதவு திறக்கும் வரை என்ன செய்வது? தீவு தீவாகத் தாவுவது. மார்டினிக்கின் லெ மரானில் தொடங்கி, நான்கு வாரம், வடக்கு நோக்கி. அப்போது நாங்கள் ஆறு பேர், கூடவே ஒரு எட்டு வயதுப் பையன். அவனும் அவன் அப்பா அம்மாவும் தீவுகளுக்கு மட்டும் வந்தவர்கள், போன ஞாயிறு இங்கிருந்து விமானம் ஏறிவிட்டார்கள். எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆகப்போகும் கடலை ஒரே ராத்திரியில் தாண்டிவிட்டு, வீட்டுக்குப் போனதும் துணி துவைக்கும் படம் அனுப்பினார்கள்.

தீவுத் தாவல் ஒரு சோம்பேறித்தனமான சுகம். காலையில் எழுந்தால் எதிரே அடுத்த தீவு தெரியும். ஏழு மணி நேரம் பாய் விரித்துப் போனால் அங்கே நங்கூரம். கடலில் குதியல், மாலையில் வெயில் தணிந்ததும் அரட்டை. லெ மரானில் கண்ணுக்கு எட்டிய வரை வாடகைக் கட்டுமரங்கள். இரட்டை உடல், குளிர்சாதனம், பின்னால் இறைச்சி சுடும் அடுப்பு எல்லாம் வைத்த மாளிகைகள். ஆனால் பெயர் நம்முடையது, 'கேட்டமரான்'. "நம்ம ஊர்க் கட்டுமரத்துல உட்காரவே இடம் இருக்காதே" என்றான் பையன், சரியாகவே.

அதே மார்டினிக்கின் செய்ன்ட் பியேரில் ஒரு ராத்திரி நின்றோம். ஊருக்குப் பின்னாலேயே பெலே மலை, அதன் தலையில் எப்போதும் ஒரு மேகம். 1902 மே 8 காலையில் அது வெடித்து ஊரில் சுமார் 28,000 பேர் சில நிமிடங்களில் இறந்துபோனார்கள், விரிகுடாவில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. அந்தக் கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன, அவற்றின் மேல்தான் படகுகள் நங்கூரம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. எனக்கு அன்று சரியாகத் தூக்கம் இல்லை.

அங்கிருந்து டொமினிக்கா. தீவின் மறைவில் போகும்வரை கடல் குளம் மாதிரி இருக்கும், காற்றே இருக்காது. மலையின் வடக்கு முனையைத் தாண்டியதும், இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில், ஆப்பிரிக்காவிலிருந்து தடையில்லாமல் வந்த அலையும் காற்றும் ஒன்றாக வந்து விழும். எனக்கு இது புத்தகத்தில் தெரியும். குளம் மாதிரி இருக்கிறதே என்று பருப்பு குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஆடும் அடுப்பில் பாத்திரத்தைப் பிடித்து வைக்கும் கவ்விகளைத் திருகாமல், வெந்ததும் மூடியையும் திறந்து வைத்துவிட்டு மேலே வந்தேன். முதல் பெரிய அலையில் படகு சாய்ந்தது. துவரம்பருப்பு வரைபட மேசை, மெத்தை, போர்ச்சுகீசியரின் ஒரே ஒரு நல்ல சட்டை என்று எங்கும் போய்ச் சேர்ந்தது. தரைப் பலகைகளுக்கு அடியில் போனது இன்னும் முழுதாக வெளியே வரவில்லை, வெயில் ஏறினால் மணக்கிறது. அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "கடல் நடுவில் இது நடந்திருந்தால் கொதிக்கும் பருப்பு உன் காலில், மருத்துவர் 1,000 மைலில்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் நான் கவ்வி திருகாமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சுட வைத்ததில்லை.

இந்த நான்கு வாரத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். தீவுகளில் எந்தத் தப்புக்கும் ஆயுள் ஒரு பகல். எது உடைந்தாலும், எது கொட்டினாலும், யார் வாந்தி எடுத்தாலும், சாயங்காலம் நங்கூரம் விழும், எல்லாம் நின்றுவிடும், துடைத்துக்கொள்ளலாம். அந்தச் சாயங்காலத்தை நம்பியே நாங்கள் பாதி வேலைகளைச் செய்திருக்கிறோம் என்பது இங்கே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிகிறது.

டொமினிக்காவின் போர்ட்ஸ்மவுத் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். 2017இல் மரியா சூறாவளி இந்தத் தீவை அடித்துப் போட்டது, ஆனால் காடு மறுபடி பச்சையாக நிற்கிறது. ஊர்க்காரர்களே சங்கம் வைத்து, விரிகுடாவில் வந்து நிற்கும் படகுகளுக்குக் காவலும் கட்டுமிதவையும் தருகிறார்கள். இந்தியன் ரிவர் என்ற ஆற்றில் எந்திரம் கூடாது, துடுப்புதான், கூட வழிகாட்டி வர வேண்டும். ஆற்றுக்குள் போனால் மரங்களின் வேர்கள் சுவர் மாதிரி இரண்டு பக்கமும் நெளிந்து நிற்கும், யாரும் பேசமாட்டார்கள். பையன்கூட வாயை மூடிக்கொண்டு வந்தான்.

அடுத்து லெ செய்ன்ட் தீவுகள். படகை அங்கே விட்டுவிட்டு நானும் கேப்டனும் மட்டும் ஒருநாள் பயணிகள் படகில் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் த்ரூவா ரிவியேர் போய், அங்கிருந்து பஸ் பிடித்து காபெஸ்தேர் போனோம். அங்கே ஷாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமாக ஒரு கோயில் இருக்கிறது. கோபுரம், பொம்மைகள், நீலமும் மஞ்சளும் சிவப்பும். தெரிந்துதான் போனோம், இருந்தாலும் கரும்பும் வாழையும் மண்டிய பச்சைக்கு நடுவில் அந்த நிறங்களைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. 1854 டிசம்பரில் ஓரேலி என்ற கப்பல் முதல் கூலித் தொழிலாளர்களை இந்தத் தீவில் இறக்கியது. பிறகு 1889 வரை 42,000 பேருக்கு மேல் வந்தார்கள், பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறைய. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பக் கப்பல் உண்டு என்பது பேச்சு. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கப்பல் வாய்க்கவில்லை.

கோயிலில் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தார். எனக்கு அரைகுறை பிரெஞ்சு, அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் பாட்டு தெரியும், பொருள் தெரியாமல் தாத்தாவிடமிருந்து காதால் வாங்கிய பாட்டு. இங்கே மாரியம்மன் 'மலியேமேன்', மதுரை வீரன் 'மல்தெவிலேன்'. நாகூர் ஆண்டவரும் வந்து சேர்ந்திருக்கிறார், 'நாகுமிலா' என்று, கடலைத் தாண்டும்போது காப்பாற்றியவர் என்பதால் இந்துக்களே அவருக்குக் கொடி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். நாகப்பட்டினத்துக்காரி இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? "எங்க வீட்லேருந்து தர்கா நடந்து போற தூரம்னு சொல்லுங்க அண்ணா, சொல்லுங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். பெரியவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் கப்பலில் வந்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பாய்மரத்தில். "திரும்பிப் போவீர்களா?" போவோம் என்றேன். தலையை ஆட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பின்பக்கம் போய் ஒரு கொத்து இலை பறித்து வந்து தந்தார். கறிவேப்பிலை. இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரயோலில் 'கலுபிலே'. ஈரத்துணியில் சுற்றி வைத்ததில் பாதி கறுத்துவிட்டது, மீதியை நிழலில் காய வைத்து ஒரு ஜாடியில் போட்டிருக்கிறேன். அன்று ராத்திரி கேப்டன் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து வரைபட மேசைக்கு மேலே தொங்கவிட்டாள். படகு சாயும் பக்கமெல்லாம் அதுவும் சாய்கிறது.

இந்த உருக்கத்தில் இருந்த எங்களுக்கு தெஷேயில் நல்ல அடி. குவாதலூப்பின் வடமேற்கில் உள்ள அழகான விரிகுடா, ஆனால் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு வழியே ராத்திரியில் காற்று குபீரென்று இறங்கும். எட்டு மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் சங்கிலிதான் விட்டிருந்தோம், நானும் நண்பனும், கேப்டன் கரைக்குப் போயிருந்த நேரத்தில். ஆழத்துக்கு ஐந்து மடங்காவது விட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சாப்பிடும் அவசரம். ராத்திரி இரண்டு மணிக்கு, நங்கூரம் பிடி விட்டுப் படகு நகர்ந்தால் கத்தும் அலாரம் அலறியது. மேலே ஓடினால், பக்கத்துப் படகின் மேல்தளத்தில் ஒரு வெள்ளைக்காரர் அரைக்கால் சட்டையோடு, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ரப்பர் மெத்தை ஒன்றைப் பிடித்தபடி, எங்கள் படகு வந்து மோதுவதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. "குட் ஈவ்னிங்" என்றார். எந்திரத்தைக் கிளப்பி, நங்கூரத்தை எடுத்து, மழையில் மறுபடி போட்டு, 45 மீட்டர் விட்டு முடிக்க நாலு மணி. கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாத்திரங்கள் மட்டும் இரண்டு முறை எங்கள் பக்கம் வந்தன.

மிச்சமிருந்த சுமார் 40 மைல் ஓட்டம்தான் இதுவரை ஓடியதில் மிக அழகானது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. நல்ல ஓட்டத்தில் கதை இருக்காது.

ஆன்டிகுவா வந்து இரண்டாம் நாள். பக்கத்து விரிகுடாவான இங்கிலிஷ் ஹார்பரில் நெல்சன் பெயரில் உள்ள பழைய கப்பல் பட்டறையை மற்றவர்கள் பார்க்கப் போயிருந்தார்கள். போர்ச்சுகீசியர் ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக்கொண்டு, பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் துடைத்துக்கொண்டே வந்தார். அழுக்குத் துடைக்கிறார் என்று நினைத்தேன். வலப்பக்கத்துக் கீழ்க் கம்பியில், அது இரும்புக் குவளைக்குள் நுழையும் இடத்தில், காகிதம் மாட்டிக் கிழிந்தது. குனிந்து பார்த்தேன். பத்தொன்பது இழைகள் முறுக்கிய கம்பி, அதில் ஒன்று அறுந்து, முடி மாதிரி ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது, காகிதத்துக்குத்தான் தெரியும்.

நான்கு வாரமாகக் காற்று கிழக்கிலிருந்து, நாங்கள் போனது வடக்கே. அதாவது அத்தனை பாரத்தையும் வலப்பக்கத்துக் கம்பிகளே தாங்கியிருக்கின்றன. இங்கிருந்து கிளம்பினால் முதல் ஒரு வாரமும் வடக்கேதான் ஏற வேண்டும், மறுபடி வலப்பக்கம்தான். ஒரு இழை அறுந்தால் மற்றவை அதன் பங்கைச் சுமக்கும், பிறகு இரண்டாவது அறுந்துபோகும், பிறகு வரிசையாக. பாய்மரம் சாய்ந்த படகில் 2,200 மைல் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழ்க் கம்பிகள் நான்கையும் மாற்றிவிட்டோம். பில்லை நண்பன் இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மற்றபடி கணக்குத்தான். டீசல் தொட்டியில் 200 லிட்டர், மேல்தளத்தில் கட்டிய எட்டு கேன்களில் 160. மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும் எந்திரம், ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், ஓட்டினால் ஆறு நாள், 720 மைல். மூன்றில் ஒரு பங்குத் தூரத்துக்கு மேல் காற்று ஏமாற்றக் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பாத்திரம் கடல்நீரில், குளியலும் கடல்நீரில், கடைசியில் உப்புப் போக ஒரு சொம்பு நல்ல தண்ணீர். முட்டைக்கோஸ் நிறைய, அது கெடாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனி வலையில், சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் முளைத்துவிடும். காவல் ஆளுக்கு மூன்று மணி நேரம், ஒன்பது மணி நேரம் ஓய்வு. எனக்கு மூன்று முதல் ஆறு, பகலிலும் ராத்திரியிலும். மேல்தளத்தில் தனியாக இருக்கும்போது இடுப்புவாரைக் கயிற்றில் மாட்டாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது, சிறுநீருக்கும் கீழேதான் போக வேண்டும். இது கேப்டன் உத்தரவு, மீறினால் ஹோர்ட்டாவில் இறக்கிவிடுவாளாம்.

ஹோர்ட்டாவில் துறைமுகச் சுவரெல்லாம் வந்துபோன படகுக்காரர்கள் வரைந்த படங்கள் இருக்கும். வரையாமல் போனால் கெடுதல் என்பது ஐதீகம். பெயின்ட் வாங்கியாகிவிட்டது. என்ன வரைவது என்று நண்பன் தொடங்கியதும் போர்ச்சுகீசியர் கையை உயர்த்தினார், போய்ச் சேராமல் பேசக் கூடாதாம்.

அவருடைய ஐதீகங்களில் பெரியது இன்னொன்று. வானிலைக் கோப்பு இன்று காலை காட்டியபடி வியாழன் வரை காற்று கிடையாது, வெள்ளி மதியம் கிழக்கிலிருந்து 15 நாட் ஏறும், நாலைந்து நாள் நிற்கும். கேப்டன் வெள்ளி என்றாள். அவர் முகம் செத்துவிட்டது. மாலுமி வெள்ளிக்கிழமை நெடும்பயணம் தொடங்க மாட்டான், அவர் அப்பா தொடங்கியதில்லை, தாத்தா தொடங்கியதில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ஆகாது என்றால் நம் வீடுகளில் எதைத்தான் தொடங்கியிருப்பார்கள்?

நண்பனின் அம்மாவுக்குப் போன் போட்டோம். "வெள்ளிக்கெழம நல்ல நாள்டா, ராகு காலம் மட்டும் பாத்துக்கோ, பத்தரை பன்னெண்டு." இந்திய நேரமா ஆன்டிகுவா நேரமா என்று அவன் கேட்க, "நீ இருக்கற எடத்துல சூரியன் எப்ப உதிக்குதோ அதுலேருந்து கணக்குப் போடு, இதுகூடத் தெரியாம கடலுக்குப் போறியா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். போட்டோம். இங்கே உதயம் ஐந்தரையைத் தாண்டி, அஸ்தமனம் ஆறரை. பன்னிரண்டு ஐந்துக்கு ராகு காலம் முடிகிறது.

போர்ச்சுகீசியருக்கு என்ன வழி? வழியை அவரே சொன்னார். வியாழன் சாயங்காலம் நங்கூரத்தை எடுத்து, பக்கத்து விரிகுடாவுக்கு இரண்டு மைல் போய் நின்றுவிட்டால், பயணம் வியாழனே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அவர் தாத்தாவும் அப்படித்தான் கடலை ஏமாற்றுவாராம். இதை அம்மாவிடம் சொன்னதும் போனில் ஒரே சிரிப்பு. "அதுக்குப் பேரு பரஸ்தானம்டா! நல்ல நேரத்துல மூட்டையைப் பக்கத்து வீட்ல கொண்டுபோய் வெச்சிட்டு வர்றது. வெள்ளக்காரனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

ஆக, நாளை மாலை பரஸ்தானம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு நங்கூரம் எடுக்கிறோம். அதன்பிறகு இங்கே பதிவு வர மூன்று வாரமாவது ஆகும், செயற்கைக்கோள் கருவியில் நூற்றிச் சொச்சம் எழுத்துதான் அனுப்ப முடியும், அதை நான் அம்மாவுக்கு வைத்திருக்கிறேன்.

எழுபது முட்டை மிச்சம்.